அண்ணை செருப்பைக் கழற்றிய காலம்

பிட்டு ஆறிவிடப் போகிறதே என்று அவசரமாகத்தான் போனேன். ஒன்பது நாள் கோபத்துக்குப் பிறகு அண்ணையின் வீட்டுக்குப் போகிறேன். எங்கள் இரண்டு வளவுக்கும் இடையிலுள்ள வேலியில் ஒரு சின்னப் படலை உண்டு. அதைத் தள்ளித் திறக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

அண்ணை விறாந்தையில், கதிரையில் சாய்ந்திருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கோவம் முடிஞ்சுதோ?"

"முடியேல்லை. பிட்டு மிஞ்சிப் போச்சு, அதுதான் கொண்டந்தனான்."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் நிலத்தைப் பார்த்தேன். வாசலில் இருந்து கதிரை வரைக்கும் சீமெந்து நிலத்தில் ஈர அடையாளங்கள். கால் கழுவிவிட்டு, வீட்டுச் செருப்பைப் போடாமல் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், எல்லாம் இடது காலின் அடையாளம். வலது காலுக்கு ஒன்றும் இல்லை. காய்ந்த இடத்தில் ஓரம் மஞ்சளாக ஒட்டிக் கிடந்தது. இரண்டு இலையான் மொய்த்துக்கொண்டிருந்தது.

மணமும் வந்தது. முப்பது வருஷம் மருத்துவிச்சியாக வீடு வீடாகத் திரிந்த மூக்கு இது. அதற்கு அந்த மணம் தெரியும்.

"அண்ணை, இடது காலைத் தூக்குங்கோ."

"ஏன்?"

"தூக்குங்கோ எண்டுறன்."

தூக்கினார். பார்த்தேன். பிட்டுத் தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு வாசகியின் கேள்வி

இதை எழுதுவதாக நான் நினைக்கவில்லை. இந்தத் தொடரில் பிரசவக் கதைகளும் சைக்கிள் கதைகளும் எழுதிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தேன். கொழும்புத்துறையில் இருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஃபோனிலும் வருகிறது. நீங்கள் சுகாதாரத்தில் வேலை பார்த்தவர். உண்மையா?" என்று கேட்டிருந்தார்.

ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் இல்லை.

கொக்கிப்புழுவும் நானும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது இதற்கு நேர் எதிரான பாடம். கர்ப்பிணிகளைக் கண்டால் முதலில் கண் மடலை இழுத்துப் பார்ப்பேன். வெளிறிப்போய் இருக்கும். இரத்தம் இல்லை. பிறகு காலைப் பார்ப்பேன். செருப்பு இருக்காது. ஈரமண்ணில் இருந்து கொக்கிப்புழு உள்ளங்காலால் ஏறி, குடலில் போய் இருந்து இரத்தம் குடிக்கும் என்று படம் போட்டுக் காட்டுவேன். "தோட்டத்துக்குப் போனாலும் கக்கூசுக்குப் போனாலும் செருப்புப் போடுங்கோ" என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

ஒருநாள் ஒரு பெண், எட்டு மாத வயிறு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மிஸ்ஸி, நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு போனால் ஒழுங்கையிலை என்ன கதைப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாதோ! பையில் இருந்த இரும்புச்சத்துக் குளிசையை எண்ணிக் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

நாலு வீடு

எங்கள் ஊர் இணுவிலுக்குப் பக்கம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், நாலு பெரிய வீடுகள். எங்கள் ஆட்கள் அந்த நாலு வீட்டையும் செருப்போடு கடக்கக் கூடாது. அப்படி ஒரு சட்டமும் இல்லை, பலகையும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் என்றால் யார் என்று நான் விரித்து எழுத வேண்டியதில்லை. வாசிப்பவர்களுக்கு விளங்கும்.

அண்ணை என்னைவிட ஆறு வயது மூப்பு. அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, வன்னிக்கு நெல் அருவி வெட்டப் போன எங்கள் ஐயா திரும்பி வரும்போது ஒரு சோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். நீல வார். அண்ணை அன்று அதைக் காலில் போட்டுக்கொண்டே படுத்தார். அம்மா திட்டிக் கழற்றினா.

அடுத்த நாள் காலை. மூன்றாவது வீட்டுக்காரர் படலையடியில் வேப்பங்குச்சியால் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"கழட்டடா. ஆரின்ரை ஒழுங்கையாலை செருப்போடை போறாய்?"

அண்ணை கழற்றினார். கக்கத்தில் செருகிக்கொண்டார். நாலாவது வீடு தாண்டி மதகடி வந்ததும் கீழே வைத்துப் போட்டுக்கொண்டார். ஒன்றும் நடக்காதது போல "கெதியா வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு இரண்டு வருஷம் ஒவ்வொரு நாளும் இதுதான். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். எனக்குச் செருப்பே இல்லாததால் ஒரு கரைச்சலும் இருக்கவில்லை.

காலம் மாறியது. சும்மா மாறவில்லை. அடிபட்டவர்கள் உண்டு, வீடு எரிந்தவர்கள் உண்டு. கோயில் கதவும் ஒருநாள் திறந்தது. அண்ணை மேசன் வேலை பழகி, முதல் சம்பளத்தில் தோற்செருப்பு வாங்கினார். கலியாணத்துக்குச் சப்பாத்துப் போட்டார். "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்" என்று காதுபடச் சொன்னார்கள். அவர் குடை பிடிக்கவில்லை, செருப்புத்தான் போட்டார். வீட்டுக்குள் போட ஒரு சோடி, வெளியே போட ஒரு சோடி, கலியாணவீடு செத்தவீட்டுக்கு ஒரு சோடி. "சாமி அறைக்குள்ளும் போட்டுக்கொண்டு வருவியளோ?" என்று அண்ணி சாகும்வரை அவரோடு சண்டை பிடித்தா.

சலரோகம், அந்தச் சர்க்கரை வியாதி, வந்தபோது இதுவே அவருக்குப் பெருமையாகப் போனது. கிளினிக்கில் வைத்தியர் மற்ற நோயாளிகளுக்கு அண்ணையின் காலைக் காட்டி, "சீனி வருத்தக்காரர் எண்டால் காலை இப்பிடித்தான் பாக்கோணும்" என்பாராம். பிரான்சில் இருக்கும் மகள் வருஷத்துக்கு ஒரு சோடி மெத்தென்ற சப்பாத்து அனுப்புவாள். அந்தச் சப்பாத்துக்கு அவர் தூசி தட்டுகிற தட்டலைப் பார்க்க வேண்டும்.

இடையில் ஒரு தரம் மட்டும் அவர் செருப்பில்லாமல் நீண்ட தூரம் நடந்தார். சண்டைக்குப் பயந்து ஊரே கிளம்பிய அந்தப் பெரிய இடப்பெயர்வில், கொட்டுகிற மழையில், நாவற்குழிப் பக்கம் சேற்றில் செருப்பு புதைந்து போயிற்று. அன்றைக்கு நாலு வீட்டுக்காரரும் வெறுங்கால், நாங்களும் வெறுங்கால். மண்ணில் வெறுங்காலோடு நடப்பது உடம்புக்கு நல்லது என்றால் அந்த ஒரு நடையோடு எங்கள் குடாநாடே சுகப்பட்டிருக்க வேண்டும்.

பிரின்சிப்பல் கூப்பிட்டார்

அந்த மூன்றாவது வீட்டில் இப்போது இருப்பவர் ஓய்வுபெற்ற பிரின்சிப்பல் ஒருவர். பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றவரின் மகன். நல்ல மனிதர். இதைக் கடமைக்காக எழுதவில்லை. ஊரில் எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேரைக் கூப்பிட்டுச் சும்மா படிப்பித்து விட்டவர். அண்ணை செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போன காலத்தில் அவர் கொழும்பில் விடுதியில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க நியாயம் இல்லை.

அவரும் இன்னும் மூன்று பென்சன்காரரும் சேர்ந்து காலையில் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். பிரின்சிப்பல் வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒழுங்கையால் நடந்து, கோயிலுக்குப் பின்னால் உள்ள புல்வெளியை நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, அதே படியில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள்.

அவருடைய மதிலில் ஒரு வெடிப்பு. பழைய மேசன் என்ற மரியாதைக்கு அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். வெடிப்பைப் பார்த்து முடிந்ததும் சொல்லியிருக்கிறார்: "தங்கராசா, நாளைக்கு நீங்களும் வாங்கோவன் நடக்க. செருப்பைக் கழட்டிப்போட்டு மண்ணிலை நடந்து பாருங்கோ. சீனி குறையும், பிறசர் குறையும், நல்ல நித்திரை வரும்."

அண்ணை இதை அப்போது எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டேன். ஒரு காலை, பால் வாங்கிக்கொண்டு வருகிறேன். ஐந்து பேர் ஒழுங்கையால் வருகிறார்கள். ஐந்தாவது ஆள் என் அண்ணை. வெறுங்கால். அதே ஒழுங்கை, அதே நாலு வீடு. எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

அவர் வீட்டுக்கு வரும்வரை படலையடியில் காத்து நின்றேன்.

"செருப்பு எங்கை போட்டது?"

"பிரின்சிப்பல் வீட்டுப் படியிலை கழட்டிப்போட்டு நடந்தனான். இஞ்சை பார், திரும்பப் போட்டுக்கொண்டுதானே வந்திருக்கிறன்."

"அப்ப வெருட்டிக் கழட்ட வைச்சவை. இப்பச் சிரிச்சுக் கழட்ட வைக்கினம். என்ன வித்தியாசம்?"

"வித்தியாசம் இருக்குப் பிள்ளை."

"ஒரு வித்தியாசமும் இல்லை. உங்களுக்கு வெக்கம் இல்லாமல் போச்சு, அவ்வளவுதான்."

உள்ளே போனார். நானும் போய்விட்டேன். ஒன்பது நாள் அந்தப் படலையைத் திறக்கவில்லை.

இன்றைக்கு யோசித்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. நாலு வீட்டைப் பற்றிக் கதைத்தேன், வெட்கத்தைப் பற்றிக் கதைத்தேன். சலரோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? கால் விறைப்பு இருக்கிறதா என்று கேட்டேனா? ஊரில் உள்ள பெண்கள் எல்லாரின் பாதத்தையும் பார்த்தவள், பக்கத்து வளவில் இருந்த ஒரே அண்ணையின் பாதத்தைப் பார்க்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

பனங்கருக்கு

அண்ணை தூக்கிக் காட்டிய இடது உள்ளங்காலின் முன்பக்கத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு துண்டுப் பனங்கருக்கு முறிந்து ஏறியிருந்தது. பனைமட்டையின் ஓரத்தில் வாள்பல்லுப் போல இருக்குமே, அந்தக் கருக்கு. புல்லுக்குள் காய்ந்த மட்டை ஏதும் கிடந்திருக்கும். ஏறி ஐந்தாறு நாளாவது இருக்கும். அதோடுதான் நடந்திருக்கிறார். சுற்றிவரக் கறுத்து, பொங்கிப் போயிருந்தது.

"நோகேல்லையே அண்ணை?"

"இல்லையே. ஏன், என்ன கிடக்கு அங்கை?"

கேட்டுக்கொண்டே குனிந்து தன் காலைத் தானே பார்த்தார். வேறு யாருடையதோ காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷத் தொழிலில் எத்தனையோ பேருக்கு முன்னால் முகத்தை மாற்றாமல் நின்றிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை.

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். முதலில் விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே என்றார்கள். கையெழுத்துப் போட அண்ணை பேனையை எடுத்தார். "மேசன் வேலை எண்டால் அத்திவாரத்தைத்தான் முதல் பாக்கிறது" என்று தனக்குள் சொன்னார். பிறகு போட்டார்.

வார்ட்டில் ஒரு பின்னேரம்

காலை எடுத்து நாலாம் நாள். காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. நான் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவராகக் கதை தொடங்கினார்.

"நீ வித்தியாசம் கேட்டனி."

"அதை விடுங்கோ இப்ப."

"இல்லை, கேள். முதல் நாள் அந்தப் படியிலை பிரின்சிப்பல் தன்ரை செருப்பைக் கழட்டினார். நான் என்ரையைக் கழட்டிக் கொண்டுபோய் மதில் கரையிலை வைக்கப் போனன். 'ஏன் அங்கை, இதிலை விடுங்கோ' எண்டு தன்ரை செருப்புக்குப் பக்கத்திலை காட்டினார். அவரின்ரை சோடியும் என்ரை சோடியும் ஒரே படியிலை கிடந்தது, பிள்ளை. அவரின்ரை தேப்பன் எனக்கு 'கழட்டடா' எண்ட வீட்டுப் படி. நடந்து முடிஞ்சு வந்து நான் அதைப் பாத்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடிச்சனான்."

நான் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னொண்டு சொன்னால் ஏசமாட்டியே?"

"சொல்லுங்கோ."

"என்ரை காலுக்கு ஒண்டும் தெரியாது. ரெண்டு வருஷமா. கிளினிக்கிலை அந்த மிஸ்ஸி நைலோன் நூலாலை தொட்டுத் தொட்டுத் 'தெரியுதோ' எண்டு கேக்கேக்கை, நான் குத்துமதிப்பிலை ஓம் ஓம் எண்டுவன். புல்லிலை இறங்கினவுடனை அவை எல்லாரும் 'ஆகா, என்ன குளிர், என்ன பனி' எண்டினம். நான் குனிஞ்சு பாத்தன். கால் நனைஞ்சு கிடந்தது. அப்பத்தான் பனி எண்டு அறிஞ்சன். நானும் 'ஓம் சேர், நல்ல குளிர்' எண்டன். பேந்து ஒவ்வொரு நாளும் அவைக்கு முன்னம் நான்தான் சொல்லுறது, 'இண்டைக்குப் பனி கூட' எண்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரிஞ்சுகொண்டே ஏன் அண்ணை போனனீங்கள்? செருப்போடை வாறன் எண்டு சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது? கால் விறைச்ச வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சால் வீட்டிலை இருங்கோ எண்டு விடுவினம். மனுசர் ஒரு நாள் கூப்பிட்டிருக்கினம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பிரின்சிப்பலுக்கு இதைச் சொல்லிப்போடாதை. தான் கூப்பிட்டதாலைதான் எண்டு நினைச்சு அந்தாள் உடைஞ்சு போடும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அதற்குப் பிறகு ஒரு கிழமைகூட அவர் இருக்கவில்லை. நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

இதை ஏன் எழுதுகிறேன்

முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் பிரின்சிப்பல் வந்தார். எங்கள் வீட்டில் எல்லோரோடும் பந்தியில் இருந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, "உங்கடை அண்ணைக்குப் பனியிலை நடக்கிறது எண்டால் அவ்வளவு விருப்பம். எங்கள் எல்லாரையும்விட அவர்தான் அதை அனுபவிச்சவர். அதுதான் எனக்கு ஒரு ஆறுதல்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் "ஓம் சேர்" என்றேன். வேறு என்ன சொல்ல? சத்தியம் பண்ணியிருந்தேன்.

கொழும்புத்துறை வாசகிக்கு இப்போது பதில் சொல்கிறேன். காலையில் புல்லில் நடந்தால் மனம் தெளியும். நித்திரை வரும் என்கிறார்கள், வரட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் உங்கள் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் கால்விரல்களை ஒவ்வொன்றாக மெல்லத் தொடச் சொல்லுங்கள். எந்த விரலைத் தொடுகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் உங்களுக்கு மண் வேண்டாம், செருப்புத்தான் வேண்டும். குத்துமதிப்பில் ஓம் என்று சொல்லாதீர்கள்.

போன கிழமை பால் வாங்கப் போனபோது அந்த ஒழுங்கையில் மறுபடியும் ஐந்து பேரைக் கண்டேன். புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். எங்கள் ஆட்களில் ஒருவர். அவரை எனக்குக் கிளினிக் வரிசையில் கண்ட ஞாபகம். வெறுங்காலோடு, எல்லோருக்கும் ஒரு அடி பின்னால், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. சத்தியத்தை உடைக்கிறேன், அண்ணை.

சேர், நீங்கள் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாசிப்பவர். அண்ணையின் காலுக்குப் பனி தெரியவில்லை. மண்ணும் தெரியவில்லை. நீங்கள் 'வாங்கோ' என்றது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. உங்களில் எனக்குக் கோபம் இல்லை. நாளைக் காலை அந்தப் புதிய ஆள் உங்கள் படியில் குனிந்து செருப்பில் கை வைக்கும்போது, கழற்ற வேண்டாம், போட்டுக்கொண்டே வாங்கோ என்று சொல்லுங்கள். அந்த ஒழுங்கையில் என் அண்ணையிடம் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.